'10,000 ஆண்டுகளுக்கு ஒரு பிழை': கவச் அமைப்பின் நம்பகத்தன்மை கணிக்கப்படுவது எப்படி?

ஐதராபாத்: ரயில்கள் மோதிக்கொள்வதைத் தடுக்க உள்நாட்டில் உருவாக்கப்பட்ட 'கவச்' அமைப்பில் 10,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை மட்டுமே பிழை நேர வாய்ப்புள்ளது என ரயில்வே அமைச்சகம் தெரிவித்துள்ளது. சில ஆண்டுகளே பயன்பாட்டில் உள்ள அமைப்புக்கு இத்தகைய கணிப்பு எவ்வாறு சாத்தியமாகிறது?

செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மத்திய ரயில்வேயில்தான் கவச் முதலில் பெருமளவில் நிறுவப்பட்டது. பயணிகள் ரயில்களில் களச் சோதனை 2016 பிப்ரவரியில் தொடங்கியது. 2022 மார்ச் 4-ஆம் தேதி குல்லகூடா - சிட்கிட்டா நிலையங்களுக்கு இடையே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் முன்னிலையில் நடைபெற்ற சோதனையில், முன்னே இருந்த இன்ஜினுக்கு 380 மீட்டர் தொலைவிலேயே மற்றொரு இன்ஜின் தானாக நின்றது.

எண்ணின் பொருள்

கவச், 'எஸ்ஐஎல்-4' எனப்படும் உச்சப் பாதுகாப்புத் தரத்தைச் சார்ந்தது. இத்தரத்தின்படி, அபாயகரமான செயலிழப்பு 10 கோடி மணி நேரத்துக்கு ஒன்று என்ற அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 10 கோடி மணி நேரம் என்பது ஏறத்தாழ 11,400 ஆண்டுகள். பழுது ஏற்பட்டு ரயில் பாதுகாப்பாக நின்றுவிட்டால், அது இக்கணக்கில் சேராது.

உறுப்புகளின் கணக்கு

இத்தனை ஆண்டுகள் சோதித்துப் பார்க்க இயலாது என்பதால், முழு அமைப்பின் நம்பகத்தன்மை அதன் உறுப்புகளிலிருந்து கணக்கிடப்படுகிறது. கவச்சில் நிலையக் கருவி, இன்ஜின் கருவி, தண்டவாளத்தில் பொருத்தப்படும் ஆர்எஃப்ஐடி அட்டைகள், ரேடியோ கோபுரங்கள் ஆகியவை உள்ளன.

தலா 99 சதவீத நம்பகத்தன்மை கொண்ட ஐந்து உறுப்புகளும் பழுதின்றி இயங்கினால்தான் பணி நடைபெறும் எனில், மொத்த நம்பகத்தன்மை சுமார் 95 சதவீதமாகக் குறையும். மாறாக, ஒரே பணியை மூன்று கணினிகளிடம் ஒப்படைத்து, இரண்டு ஒத்துக்கொள்ளும் விடையை ஏற்றால், அது 99.97 சதவீதமாக உயரும். பழுதைத் தாங்கும் வடிவமைப்பு என்பது இதுவே.

மென்பொருளில் உள்ள சிக்கல்

இக்கணக்கு, மூன்று கணினிகளும் தனித்தனியே பழுதடையும் என்ற அனுமானத்தைச் சார்ந்தது. மின்னணுப் பாகங்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். ஆனால், மென்பொருள் தேய்வதில்லை. அதன் பிழை எழுதப்பட்ட நாளிலேயே உள்ளே இருக்கிறது. மூன்றிலும் ஒரே நிரல் இயங்கினால், மூன்றும் ஒரே தவறான விடையைத் தரக்கூடும். வாக்கெடுப்பு அதைக் கண்டறியாது. எனவேதான் எஸ்ஐஎல்-4 தரம், கணக்கீட்டுடன் நில்லாமல், மென்பொருள் உருவாக்கும் முறையையும் தன்னிச்சையான அமைப்பின் தணிக்கையையும் வலியுறுத்துகிறது.

பராமரிப்பும் இக்கணக்குக்கு அப்பாற்பட்டது. 2023 ஜூன் 2-ஆம் தேதி, கவச் நிறுவப்படாத பாலசோர் பகுதியில் நிகழ்ந்த விபத்தில் 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிக்னல் சுற்றுகளை மாற்றும் பணியில் நேர்ந்த குறைபாடுகளே காரணம் என விசாரணையில் தெரியவந்தது. வடிவமைப்பில் பாதுகாப்பான கருவியும், அதைக் கையாளும் பணி பிழையானால் பயனற்றதாகிவிடும் என்பதை அவ்விபத்து உணர்த்தியது.