விற்பனைக்கு ஒரு பழைய லாண்ட்றோவர்

பிரித்தானியாவில் பழைய மோட்டார் வாகனங்களுக்கெனவே வெளிவரும் சஞ்சிகைகளின் இறுதிப் பக்கங்களைப் புரட்டுவோர், ஒருவகை விளம்பரத்தை அடிக்கடி காண்பர். 1950களில் செய்யப்பட்ட லாண்ட்றோவர், முழுமையாக மீளமைக்கப்பட்டது, பல்லாண்டு உழைப்பு, மனமின்றி விற்கப்படுகிறது. இந்நான்கு தொடர்களில் இறுதித் தொடரே வியப்புக்குரியது. ஓர் இயந்திரத்தை விற்பவர் தமது மனநிலையை ஏன் விளம்பரத்தில் எழுத வேண்டும்? அச்சொற்களுக்கும் சேர்த்தல்லவா அவர் கட்டணம் செலுத்துகிறார்?

எம்மவர்க்கு இவ்வாகனம் அந்நியமானதன்று. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் அரச திணைக்களங்களிலும் நெடுங்காலம் ஓடிய வாகனம் இது. நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் எதனையும் ‘ஜீப்’ என்றே அழைத்துப் பழகியவர்கள் நாம். அந்த அழைப்பு முற்றிலும் பிழையென்றும் கூறிவிட முடியாது. இரண்டாம் உலகப் போரின் பின் றோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளர் மொரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் அங்கிள்சி தீவிலிருந்த தமது பண்ணையில், அமெரிக்க இராணுவம் விட்டுச்சென்ற ஜீப் ஒன்றையே பயன்படுத்தி வந்தார். அது பழுதடைந்தால் அதற்கீடாக எதை வாங்குவது என்ற கேள்வியிலிருந்து 1947இல் பிறந்ததே லாண்ட்றோவர் பற்றிய எண்ணம்.

போரினால் வறுமையுற்றிருந்த பிரித்தானியாவில் அப்போது உருக்குக்குப் பெருந் தட்டுப்பாடு நிலவியது. ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களுக்கே அரசாங்கம் முன்னுரிமை வழங்கியது. எனவே உடற்பகுதி அலுமினியக் கலப்புலோகத் தகடுகளால் அமைக்கப்பட்டது. சொலிஹல் நகரில், போர்க்காலத்தில் விமான இயந்திரங்கள் செய்யப்பட்ட தொழிற்சாலையில் உற்பத்தி தொடங்கியது. 1948 ஏப்ரல் 30இல் அம்ஸ்ரர்டாம் மோட்டார் கண்காட்சியில் இவ்வாகனம் உலகிற்கு அறிமுகமாயிற்று. 1.6 லீற்றர் பெற்றோல் இயந்திரம், 50 குதிரைவலு, விலை 450 பவுண். சில ஆண்டுகளுக்கு மட்டும் தாக்குப்பிடிக்கும் இடைக்கால ஏற்பாடாகக் கருதப்பட்ட இந்த வாகனத்தின் வழிவந்த வண்டிகள், 2016 ஜனவரி 29 வரை அதே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தன. அவற்றின் மொத்தத் தொகை இருபது இலட்சத்தைத் தாண்டியது.

தட்டுப்பாடு காரணமாகத் தெரிவான அலுமினியம் கறள் பிடிப்பதில்லை. எழுபது ஆண்டுகளின் பின்னும் இவ்வண்டிகள் பல எஞ்சியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் வாங்குவோரை ஏமாற்றுவதும் அதுவே. வெளித்தகடு பளபளவென்றிருக்க, உள்ளே உருக்கினாலான அடிச்சட்டம் உக்கிப்போயிருக்கும். இயந்திர அறையைச் சாரதியின் இருக்கையிலிருந்து பிரிக்கும் சுவரும் உருக்கே. அதன் கால்கள் அடிச்சட்டத்தோடு இணையும் இடத்தில் சேறும் ஈரமும் தேங்குகின்றன. உருக்கும் அலுமினியமும் ஒன்றையொன்று தொடும் இடங்களில் ஈரம் பட்டால், அலுமினியமும் வெண்பொடியாகி உதிரத் தொடங்கும்.

எனவே மீளமைப்பு என்பது வர்ணம் பூசும் வேலையன்று. ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி, உக்கிய பகுதியை வெட்டி நீக்கி, புதுத் தகட்டை வெல்டிங் செய்து, இயந்திரத்தையும் கியர்ப் பெட்டியையும் பிரித்துத் தேய்ந்தவற்றை மாற்றி, மின்கம்பிகளைப் புதிதாக இழுத்து மீண்டும் பூட்ட வேண்டும். மாலை வேளைகளிலும் வார இறுதிகளிலும் இதைச் செய்பவருக்கு ஆண்டுகள் பல கழிந்துவிடும். உதிரிப் பாகங்களுக்குச் செலவிட்ட பணத்தையேனும் விற்பனை விலை ஈடுசெய்தால் அவர் நற்பேறு பெற்றவர். உழைத்த மணிகளுக்குக் கூலி கணக்கிட்டால், ஏறத்தாழ எல்லாருமே நட்டத்தில்தான் விற்கின்றனர். வாங்குபவர் வண்டிக்கு விலை தருவார். அதைத் திருத்திய குளிர்கால இரவுகளுக்கு எவரும் விலை தருவதில்லை.

மீளமைப்பில் எது உயர்ந்தது என்பதிலும் கருத்து வேற்றுமை உண்டு. 2016இல் லாண்ட்றோவர் நிறுவனமே முதல் வரிசையைச் சேர்ந்த 25 பழைய வண்டிகளைத் தேடியெடுத்து, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்தவாறே புதுக்கி விற்க முன்வந்தது. அன்று 450 பவுணுக்கு விற்றதற்கு 2016இல் 60,000 பவுணிலிருந்து விலை குறிக்கப்பட்டது. இதற்கு எதிர்த்திசையில் அமைந்தது, முதலாவது அடிச்சட்ட இலக்கத்தைத் தாங்கிய வண்டியின் கதை. நோர்த்தம்பர்லாண்ட் வயலொன்றில் நெடுங்காலம் கிடந்த அதனைத் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் வாங்கினார். மீளமைத்தோர் அதன் நெளிந்த பழைய தகடுகளையும் மங்கிய வர்ணத்தையும் இயன்றவரை அப்படியே காத்தனர். ஒரு தரப்பினர் வண்டியின் இளமையை மீட்க விரும்புகின்றனர். மறு தரப்பினர் அதன் முதுமையைக் காக்க விரும்புகின்றனர். எந்த வழியாயினும், எது பழையது, எது புதியது என்பதை விற்பவர் மறைக்காமற் கூறுவதே முதன்மையானது.

சில ஆண்டுகளுக்கு முன், வேல்ஸ் எல்லையோரக் கிராமமொன்றில் இத்தகைய விற்பனை ஒன்றை அருகிருந்து காணும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. விற்பவர் எழுபது வயதைக் கடந்தவர். துணைவியார் நோயுற்றதால் தோட்டமுள்ள வீட்டை விட்டு மாடிக் குடியிருப்புக்குச் செல்ல வேண்டிய நிலை. கடினமான கிளச்சை மிதிக்க அவரது முழங்காலும் இடந்தரவில்லை. வாங்க வந்தோர் ஓர் இளம் விவசாயத் தம்பதியர். முதியவர் வண்டியை ஓட்டிக் காட்டுமுன் ஒரு சிறு சுத்தியலை அந்த இளைஞரின் கையில் கொடுத்து, அடியில் ஊர்ந்து அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். நல்ல உருக்கு மணிபோல் ஒலிக்கும். உக்கியது மந்தமாக ஒலிக்கும். பின்பு தாமே குனிந்து, பின்புறக் குறுக்குச் சட்டத்தின் ஓரத்தில் ஓரிடத்தைச் சுட்டி, அங்கே தமது வெல்டிங் திருப்தியாக அமையவில்லை என்றும், இரண்டு மூன்று ஆண்டுகளில் அதைத் திரும்பச் செய்ய வேண்டிவரும் என்றும் கூறினார். கேட்காத குறையை அவராகவே கூறியதைக் கண்டு அந்தத் தம்பதியர் திகைத்தனர்.

முதல்நாள் வந்த வியாபாரி ஒருவர் கூடுதல் விலை கேட்டிருந்தார். பழைய இயந்திரத்தைக் கழற்றி வீசிவிட்டு நவீன இயந்திரம் பூட்டி விற்பது அவரது திட்டம். முதியவர் குறைந்த விலைக்குத் தம்பதியரிடமே கொடுத்தார். அவருக்கு அது இயன்றது. வாடகைக்கும் கடனுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் கூடிய விலை தருபவரிடமே விற்பார், அதில் இழுக்கேதுமில்லை. பயண முகவருக்குக் கொடுப்பதற்காகத் தாலிக்கொடியையும் காணியையும் கேட்ட விலைக்கு விற்றுவிட்டு வந்த எம் மக்களுக்கு, வாங்குபவரைத் தெரிவு செய்து விற்பது எத்தகைய வசதி என்பதை விளக்கவேண்டியதில்லை.

இங்கு சட்டத்தில் பொதிந்துள்ள ஒரு சொல்லைக் கவனித்தல் தகும். பிரித்தானியாவில் வாகனத்துக்கு வழங்கப்படும் பதிவுப் புத்தகத்தில் இடம்பெறுவது உரிமையாளரின் பெயரன்று. பதிவு செய்யப்பட்ட பேணுநரின் பெயர். அப்புத்தகம் உரிமைக்குச் சான்றாகாது என்று அதிலேயே அச்சிடப்பட்டுள்ளது. எனவே வாங்குவோர் பற்றுச்சீட்டையும் கேட்டுப் பெறுதல் அவசியம். விற்பவர் புதிய பேணுநருக்குரிய துண்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, சுவான்சியிலுள்ள வாகனப் பதிவு அலுவலகத்துக்கு உடன் அறிவித்தல் வேண்டும். அறிவிக்கத் தவறினால், பின்னர் வரும் தண்டப்பணக் கடிதங்கள் அவரையே தேடிவரும்.

நாற்பது ஆண்டைக் கடந்து வரலாற்று வாகனமாகப் பதியப்பட்டவற்றுக்கு வீதி வரிப் பணம் இல்லை. எனினும் வரிப்பதிவைச் செய்தேயாக வேண்டும். 2018 மே மாதத்திலிருந்து, பெரும் மாற்றம் செய்யப்படாத இத்தகைய வண்டிகளுக்கு ஆண்டுப் பரிசோதனையும் கட்டாயமன்று. இலண்டனின் புகைக் கட்டண வலயமும் வரலாற்று வாகனங்களுக்கு விலக்களிக்கிறது. ஆயினும் வீதியில் ஓடத் தகுதியற்ற வண்டியை ஓட்டுவதும் விற்பதும் குற்றமே. தனியார் விற்பனையிலும், பொருள் விற்பவர் கூறிய விவரத்துக்கு ஒத்திருத்தல் வேண்டும் என்பது 1979ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் விதி. ‘முழுமையாக மீளமைக்கப்பட்டது’ என விளம்பரத்தில் எழுதுபவர் அச்சொற்களுக்குப் பொறுப்பாளி ஆகிறார்.

மீளமைப்புக் கலை எமக்கும் தெரிந்ததே. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காத யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் கார்கள் பலரின் நினைவிலிருக்கும். இங்குள்ளோர் விருப்பத்தால் பழையதைக் காக்கின்றனர். அங்குள்ள மெக்கானிக்குகள் வேறு வழியின்மையால் காத்தனர். அவர்களது வேலைக்குப் புகைப்படமும் இல்லை, பற்றுச்சீட்டுக் கோவையும் இல்லை. கைத்திறன் எத்தகையதாயினும், எழுதி வைக்கப்படாதது அடுத்தவர் கைக்குப் போய்ச்சேருவதில்லை.

எழுதி வைக்கப்பட்டதன் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1955-56இல் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர் அறுவர் இரு லாண்ட்றோவர்களில் இலண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை தரைவழியே சென்றனர். அவற்றுள் ‘ஒக்ஸ்போர்ட்’ எனப் பெயரிடப்பட்ட வண்டி பின்னர் தென் அத்திலாந்திக்கின் சென்ற் ஹெலினா தீவில் கைவிடப்பட்டுக் கிடந்தது. பதிவிலக்கத்தாலும் பழைய படங்களாலும் அடையாளம் காணப்பட்ட அதனை ஓர் ஆர்வலர் வாங்கி இங்கிலாந்துக்குக் கொணர்ந்து மீளமைத்தார். 2019இல் அது சிங்கப்பூரிலிருந்து இலண்டன் வரை மீண்டும் ஓடி வந்தது. கைமாறியதாலேயே அது பிழைத்தது.

ஆகவே, மனமின்றி விற்பவர் தாம் பேணிய பொருளுக்குத் துரோகம் இழைப்பவர் அல்லர். தமது கை தளருமுன், பேணும் வலுவுள்ள கையொன்றைத் தேடுகிறார். இத்தகைய வண்டியொன்றை வாங்க விரும்பும் வாசகர்கள் வர்ணத்தையும் விலையையும் பற்றிப் பேசுமுன், திருத்த வேலைகள் எழுதப்பட்ட கொப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எண்ணெய் விரல் அடையாளங்களோடு அப்படியொரு கொப்பி நீட்டப்பட்டால் துணிந்து விலை பேசலாம்.