பண்ணையில் விடுமுறை

கோடை விடுமுறை வந்ததும் பாட்டியின் ஊருக்குச் செல்வது தமிழ்நாட்டுக் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். அங்கே தொழுவமும் வைக்கோற்போரும் களத்துமேடும் சிறுவர்களின் ஆட்சிக்கு உட்பட்டவை. பால் எங்கிருந்து வருகிறது என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களும் ஒரு காலத்தில் இத்தகைய சிற்றூர்களே. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம் ஆகிய ஒவ்வோர் ஊருக்கும் ஓர் ஏரி உண்டு. அந்நீரால் நெல் விளைந்தது. 1931ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. நகரமும் அவ்வழியே தெற்கு நோக்கிப் பரவிற்று, வயல்கள் மனைகளாயின. 2021இல் தாம்பரம் மாநகராட்சியாகவே உயர்ந்துவிட்டது. இங்கு வளரும் சிறுவர் பலருக்கு இன்று பாட்டியின் ஊர் என ஒன்றில்லை; பாட்டியும் அடுத்த தெருவில் அடுக்குமாடி வீட்டிலேயே இருக்கிறார்.

இத்தகைய குடும்பங்கள் உழவர் ஒருவரின் பண்ணையில் சில நாள் தங்கி வருதல் இப்போது வழக்கமாகி வருகிறது. மேலை நாடுகளில் இது முன்னரே வேரூன்றியது. இத்தாலி நாடு 1985ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. விருந்தினரை ஏற்பவர் உழவராகவே இருத்தல் வேண்டும். உழவே முதன்மைத் தொழிலாகவும் விருந்தோம்பல் அதற்குத் துணையாகவும் அமைதல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. நல்ல விதி! நாலு மாடுகளைக் காட்சிக்குக் கட்டி வைத்துவிட்டுப் பண்ணை என்று பெயரிடுவது எளிதன்றோ?

உண்மையான பண்ணையில் விடுமுறை விருந்தினருக்கே உண்டு; மாடுகளுக்கு இல்லை. கதிரவன் எழுமுன்னரே பால் கறக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் பாலை ஊற்றும் நேரம் எவருக்காகவும் காத்திராது. முதலில் கன்றை அவிழ்த்து ஊட்ட விடுவர். கன்று மடியை முட்டிச் சுவைக்கும்போது அவ்வுணர்ச்சி நரம்புகளின் வழியே மூளையை அடைகிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் என்னும் சுரப்புநீர் குருதியில் கலந்து மடிக்கு வருகிறது. அங்கே பால் நிறைந்த நுண்ணறைகளைச் சூழ்ந்துள்ள தசையிழைகள் சுருங்கிப் பாலைக் காம்பை நோக்கித் தள்ளுகின்றன. இதன் ஆற்றல் சில நிமிடங்களே நிற்கும். அதற்குள் கறந்து முடித்தாக வேண்டும்.

இந்நேரத்தில் புதியவர் ஒருவர் உரக்கச் சிரித்தாலும், சிறுவன் ஒருவன் திடீரென ஓடிவந்தாலும் பசு வெருளும். அச்சத்தால் அட்ரினலின் சுரந்து ஆக்சிடோசினின் செயலைத் தடுக்கும். மாடு பாலை அடக்கிக்கொள்ளும். நகரத்துப் பிள்ளையின் ஒரு நொடிக் களிப்பு அன்று உழவரின் வருவாயில் குறையாக நிற்கும். தொழுவத்துக்குள் விருந்தினரைச் சும்மா நிற்கச் சொல்வது கடுமையினால் அன்று.

வாயிலில் கிருமிநாசினி கலந்த நீரில் காலை நனைத்து வரச் சொல்வதும் இவ்வாறே. கோமாரி நோய்க் கிருமி மனிதரின் செருப்பில் ஒட்டிக்கொண்டே ஒரு தொழுவத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகவல்லது.

ஆடுகளுக்கோ விடியலில் அவசரமில்லை. பனி உலரும்வரை அவற்றைப் பட்டியிலேயே வைத்திருப்பர். குடற்புழுக்களின் இளம்புழுக்கள் ஈரப் புல்லின்மீது ஏறியிருக்கும் என்பதே காரணம். சென்னைச் சிவப்பு என்னும் செம்மறியினம் இப்பகுதிக்கே உரியது. அதன் உடலில் கம்பளி இல்லை. குட்டையான செந்நிற மயிரே உண்டு. கிடாய்க்குக் கொம்புண்டு, பெட்டைக்கு இல்லை. தாம்பரத்திலிருந்து வண்டலூர், கூடுவாஞ்சேரி கடந்து சென்றால் பொத்தேரிக்கு அருகில் காட்டுப்பாக்கம் வரும். (பூவிருந்தவல்லிப் பக்கத்துக் காட்டுப்பாக்கம் வேறு.) அங்கே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பண்ணையில் இவ்வினத்தைப் பேணி வளர்க்கின்றனர். அது விடுமுறைக்குரிய இடமன்று; உழவர்கள் பயிற்சி பெறும் இடம்.

பண்ணையில் தங்கும் பிள்ளைகள் முதல் நாள் தொழுவத்தின் ஓரத்தில் நிற்பார்கள். இரண்டாம் நாள் புல் அள்ளிப் போடுவார்கள். மூன்றாம் நாளுக்குள் அவர்களின் குரலும் மணமும் பசுவுக்குப் பழகிவிடும். அன்று மாலை தாய்ப்பசு கத்தும்போது, கன்றின் கயிற்றை அவிழ்க்கும் வேலையை வீட்டுக்காரர் அவர்களுள் ஒருவரிடம் கொடுப்பதுண்டு.