லட்சங்களில் விற்கும் ஸ்பீக்கரின் ஒலித்தரத்தை மதிப்பிடுவது எப்படி? பாலக்காட்டு மிருதங்கம் கற்றுத்தரும் பாடம்

பாலக்காடு: வீட்டில் இசை கேட்பதற்கான உயர்தர ஸ்பீக்கர்கள் இன்று சில ஆயிரம் ரூபாயில் தொடங்கிப் பல லட்சம் ரூபாய் வரை விற்பனையாகின்றன. பல ஆண்டுகள் சேமித்த பணத்தைச் செலவிட்டு வாங்கிய ஸ்பீக்கர், கடையில் ஒலித்ததைப் போல வீட்டில் ஒலிக்கவில்லை என்ற ஏமாற்றம் பலருக்கும் நேர்கிறது. விலை, பெட்டியின் அளவு, வாட் எண்ணிக்கை ஆகியவற்றை மட்டும் நம்பி முடிவெடுப்பதே இதற்கு முக்கியக் காரணம்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டம், ஒலியின் தரத்தைக் காதால் அளக்கும் மரபுக்குப் பெயர்பெற்றது. செம்பை வைத்தியநாத பாகவதர் (1896-1974) இம்மண்ணைச் சேர்ந்தவர். மிருதங்கக் கலைஞர்களில் முதன்முதலாக 1966ஆம் ஆண்டு சங்கீத கலாநிதி விருது பெற்ற பாலக்காடு மணி அய்யர், கச்சேரிகளில் மைக் பயன்படுத்துவதை எதிர்த்தவர். கருவியின் இயல்பான நாதத்தை ஒலிபெருக்கி மாற்றிவிடுகிறது என்ற கவலை அன்றே எழுந்திருந்தது. அந்த நாதத்தை ஒரு ஸ்பீக்கர் எந்த அளவுக்கு மாற்றாமல் தருகிறது என்பதே அதன் தரத்தை அளக்கும் கேள்வியாக இன்றும் உள்ளது.

கண்ணை மூடினால் மாறும் மதிப்பெண்

ஸ்பீக்கர்களை அறிவியல் முறையில் ஒப்பிடும் ஆய்வுகளுக்கு வழிவகுத்தவர்களில் முக்கியமானவர் கனடா தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பணியாற்றிய ஃபிளாய்ட் டூல். ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்து, ஒலியளவைச் சமப்படுத்தி, கேட்பவர்களை மதிப்பெண் வழங்கச் செய்தார். அவரும் ஷான் ஆலிவும் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அதே நபர்கள் அதே ஸ்பீக்கர்களைப் பார்த்தபடி கேட்டபோது மதிப்பெண்கள் மாறின. மறைவில் நல்ல மதிப்பெண் பெற்ற சிறிய, விலை குறைந்த அமைப்பு, கண்ணுக்குத் தெரிந்தபோது பின்தங்கியது.

ஆலிவ் 2004ஆம் ஆண்டு 70 ஸ்பீக்கர்களை ஆய்வு செய்தார். எதிரொலியற்ற அறையில் எடுத்த அளவீடுகளைக் கொண்டு, கேட்பவர்களின் விருப்பத்தைப் பெருமளவு முன்கூட்டியே கணிக்க முடியும் என்று அவர் காட்டினார். நேர் முன்னால் செல்லும் ஒலி சீராக இருப்பதும், பக்கவாட்டில் பரவும் ஒலி அதே சாயலில் இருப்பதும் நல்ல ஸ்பீக்கரின் அடையாளங்கள் என்பதே இத்தகைய ஆய்வுகளின் சாரம்.

விளம்பர எண்களை வாசிப்பது எப்படி?

மனிதச் செவி 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கக்கூடியது. அட்டையில் "40 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை" என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதற்குப் பொருள் குறைவு. அந்த எல்லைக்குள் ஒலியளவு எத்தனை டெசிபல் ஏறி இறங்குகிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். கூடுதல் அல்லது குறைவு 3 டெசிபல் என்ற குறிப்பு இருந்தால்தான் ஒரு ஸ்பீக்கரை மற்றொன்றுடன் ஒப்பிட முடியும்.

அடுத்தது உணர்திறன். 2.83 வோல்ட் மின்னழுத்தம் தரும்போது ஒரு மீட்டர் தொலைவில் கிடைக்கும் ஒலியளவே இது. 84 டெசிபல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கர், 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு இணையாக ஒலிக்க நான்கு மடங்கு மின்திறன் வேண்டும். இதில் ஒரு நுட்பமும் உண்டு. 2.83 வோல்ட் என்பது 8 ஓம் ஸ்பீக்கரில் 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கரிலோ 2 வாட். எனவே 4 ஓம் ஸ்பீக்கரின் எண், வாட் கணக்கில் பார்த்தால் 3 டெசிபல் கூடுதலாகத் தெரியும்.

பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும் வாட் எண்ணுக்குப் பொதுவான அளவீட்டு முறை இல்லை. ஆர்.எம்.எஸ். எனக் குறிப்பிடப்படும் தொடர்திறனையே கணக்கில் கொள்ள வேண்டும்.

மிருதங்கமும் பஞ்சவாத்தியமும் உரைகல்

கடைகளில் ஒலிக்கவிடப்படும் பாடல்கள் பெரும்பாலும் ஸ்பீக்கரை எடுப்பாகக் காட்டுவதற்கென்றே தேர்ந்தெடுக்கப்படுபவை. நேரில் கேட்டுப் பழகிய ஒலியின் பதிவைக் கொண்டு சோதிப்பதே நம்பகமான வழி. பாலக்காடு அருகே தோல் வாத்தியத் தயாரிப்புக்குப் பெயர்பெற்ற பெருவெம்பு பகுதி மக்களுக்கு மிருதங்கத்தின் நாதம் அன்றாடம் கேட்டுப் பழகிய ஒன்று.

பெரும்பாலான முரசுகளில் இல்லாத ஒத்திசைவு மிருதங்கத்தின் வலந்தலையில் இருப்பதை சர் சி.வி. ராமன் 1920ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் சுட்டிக்காட்டினார். நடுவில் பூசப்படும் கரும்பசை, தோலின் துணை அதிர்வுகளை அடிப்படைச் சுருதியின் மடங்குகளாக அமையச் செய்கிறது. இதனால்தான் மிருதங்கத்தை ஒரு குறிப்பிட்ட சுருதிக்குச் சேர்க்க முடிகிறது. ஸ்பீக்கரின் நடுத்தர ஒலி சீராக இல்லையென்றால் இந்தச் சுருதி மங்கி, வெறும் தட்டல் ஓசையே எஞ்சும். தொப்பியில் எழும் கும்கியின் குழைவு தெளிவாகக் கேட்கிறதா, வெறும் உறுமலாகிவிடுகிறதா என்பது தாழ்ந்த ஒலிக்கான சோதனை.

திமிலை, மத்தளம், இலைத்தாளம், இடக்கை, கொம்பு ஆகிய ஐந்தும் சேர்ந்த பஞ்சவாத்தியப் பதிவு வேறொரு சோதனை. ஓசை உச்சத்தை எட்டும்போதும் இலைத்தாளத்தின் கணீர் ஒலி காதைக் குத்தாமல், ஒவ்வொரு கருவியும் தனித்து விளங்க வேண்டும். மனிதக் குரலையும் தவறாமல் கேட்க வேண்டும். பெட்டிக்குள் இருந்து பாடுவது போலவோ மூக்கால் பாடுவது போலவோ தோன்றினால் அந்த ஸ்பீக்கரைத் தவிர்ப்பது நல்லது.

அறையும் ஸ்பீக்கரின் ஒரு பகுதியே

எல்லையோரப் பகுதிகளில் இன்று கட்டப்படும் வீடுகள் பலவற்றில் கான்கிரீட் சுவர்களும் டைல்ஸ் தரையும் உள்ளன. இவை ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புபவை. 4 மீட்டர் நீளமுள்ள அறையில் சுமார் 43 ஹெர்ட்ஸ் ஒலியும், 3.5 மீட்டர் அகலத்தில் 49 ஹெர்ட்ஸ் ஒலியும் சுவர்களுக்கிடையே தேங்கி வீங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமான அறையில் இந்த வீக்கம் ஒரே இடத்தில் குவிவதால் நிலைமை மேலும் மோசமாகும்.

ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து அரை மீட்டராவது விலக்கி வைப்பதும், தரையில் கனமான விரிப்பு இடுவதும், சன்னல்களுக்குத் தடித்த திரை போடுவதும் செலவு குறைந்த தீர்வுகள். இரு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும்.

இடுக்கி மாவட்டத்தின் குமுளி, மூணாறு போன்ற மலைப்பகுதிகளில் பருவநிலையும் கவனிக்கத்தக்கது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் காற்றின் ஈரப்பதம் மிகுதியாகும். கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு நுரைப்பொருளால் ஆனதென்றால் ஈரத்தில் விரைவில் நைந்துவிடும். ரப்பர் விளிம்பு நீண்ட நாள் உழைக்கும். தகரக் கூரை மீது மழை பெய்யும் ஓசை, இசையின் மெல்லிய ஒலிகளை மறைத்துவிடும் என்பதால் மழை இல்லாத வேளையிலேயே ஒப்பிட வேண்டும். இடிமின்னல் மிகுந்த மாதங்களில் ஆம்ப்ளிஃபையரின் மின் இணைப்பைத் துண்டித்து வைப்பதும் அவசியம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

இரு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்துவதே முதற்படி. ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக்கூடக் காது "தரம் மிக்கது" என்று தவறாக எண்ணிவிடும். கைப்பேசியில் கிடைக்கும் ஒலிமானி செயலிகள், இரண்டையும் ஒப்பிட்டுச் சமப்படுத்தும் இப்பணிக்குப் போதுமானவை.

பின்னர் மெல்லிய துணியால் ஸ்பீக்கர்களை மறைத்து, எது ஒலிக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியாதபடி வேறொருவர் மாற்றி மாற்றி இயக்க வேண்டும். ஒரே பாடலின் ஒரே பகுதியைப் பலமுறை கேட்டு, ஒவ்வொரு முறையும் மதிப்பெண்ணைத் தாளில் எழுத வேண்டும். மதிப்பெண்கள் முறைக்கு முறை மாறினால், அந்த இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையே பணம் கொடுக்கத் தகுந்த வேறுபாடு அவரது காதுக்கு இல்லை என்று பொருள். விலை கூடியதை விட்டுவிடலாம்.

வயது ஏறும்போது உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன் குறையும். இத்தகையோர் மதிப்பெண் வழங்குவதில் நிலையற்ற தன்மை காணப்பட்டதை டூலின் ஆய்வுகளும் பதிவு செய்துள்ளன. இருக்கும் செவித்திறனைக் காப்பதும் முக்கியம். வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பதற்கு 80 டெசிபல் என்பதே உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு.

வாக்குறுதி அளித்த திறன் ஸ்பீக்கரில் இல்லையெனில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீதுடன் விவரக்குறிப்பு அச்சிட்ட அட்டையையும் பாதுகாத்து வைப்பது புகாருக்கு வலு சேர்க்கும் என்பது குறிப்பிடத்தக்கது.