மலேரியா மருந்துக்குத் துணை நிற்கும் சர்க்கரைகள்

மலேரியா ஒட்டுண்ணியை ஒழித்துக்கட்டும் வேகம் ஆர்ட்டிமிசினினுக்கு உண்டு. ஆனால் அது தண்ணீரில் கரைய மறுக்கிறது. அதனால் விழுங்கிய மருந்தில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேர்கிறது. 2023-இல் மட்டும் சுமார் 5,97,000 உயிர்களைப் பறித்த நோய்க்கு எதிராக, கையிலிருக்கும் ஆயுதம் முழுதாகப் பயன்பட வேண்டாமா? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் ஆய்வாளர்கள் தாவரச் சர்க்கரைகளையும் ஈஸ்ட் சர்க்கரைகளையும் மருந்தோடு சேர்த்துப் பார்க்கிறார்கள்.

கரைந்தால் உயிர் பிழைக்கும்

1971-இல் சீன விஞ்ஞானி தூ யூயூவின் குழு, கொதிக்கவைக்காமல் ஈதர் கொண்டு ஆர்ட்டிமிசியா என்ற மூலிகையின் சத்தைப் பிரித்தது. அதிலிருந்து கிடைத்ததே ஆர்ட்டிமிசினின். அவருக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மருந்தை வேதியியல் முறையில் சற்றே மாற்றி, ஊசியில் ஏற்றும் ஆர்ட்டிசுனேட்டை உருவாக்கினார்கள்.

ஆர்ட்டிசுனேட் குப்பியில் 60 மில்லிகிராம் வெள்ளைத் தூள் இருக்கும். செவிலியர் முதலில் சோடியம் பைகார்பனேட் கரைசலை ஊற்றி, தெளியும்வரை குலுக்குவார். பிறகு சலைன் அல்லது குளுக்கோஸ் நீர் சேர்த்து, ஒரு மணி நேரத்துக்குள் செலுத்திவிட வேண்டும். ஆப்பிரிக்காவில் கடும் மலேரியா கண்ட 5,425 குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2010-இல் வெளியானது. குயினைன் மருந்து பெற்றவர்களில் 10.9 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 8.5 சதவீதம் பேர். கரையும் வடிவம் கிடைத்ததால்தான் இந்த மருந்தை இப்படி ஊசியில் ஏற்ற முடிந்தது.

மூன்று சர்க்கரைகள்

முதலாவது, மாவுச்சத்திலிருந்து எடுக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின். ஆறு முதல் எட்டு குளுக்கோஸ் மூலக்கூறுகள் கைகோத்த வளையம் இது. மெதுவடைபோல நடுவில் துளை. வெளிப்புறம் நீரோடு ஒட்டும். துளைக்குள் ஆர்ட்டிமிசினின் பத்திரமாக உட்காரும். 2001-இல் மலேசிய ஆய்வாளர்கள் ஆரோக்கியமானவர்களுக்கு இந்தச் சேர்க்கையைக் கொடுத்துப் பார்த்தபோது, மருந்து கூடுதலாக ரத்தத்தில் சேர்ந்தது.

இரண்டாவது, காலக்டோஸ். லார்ச் மரத்தின் அராபினோகாலக்டனில் இது நிறைய உண்டு. கல்லீரல் செல்கள் இதை அடையாளம் கண்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். வைவாக்ஸ் வகை மலேரியா ஒட்டுண்ணி மாதக்கணக்கில் பதுங்குவதும் கல்லீரலில்தான். அங்கே வேலை செய்யும் பிரைமாகுயின் என்ற மருந்து, சிலருக்குச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். மருந்தை நேராகக் கல்லீரலுக்கு அனுப்ப முடிந்தால் அந்த ஆபத்து குறையலாம்.

மூன்றாவது, ஈஸ்ட்டின் செல்சுவரில் உள்ள பீட்டா குளுக்கான். நோயெதிர்ப்புப் படையின் விழுங்கணுக்கள் இதைப் பிடித்துக்கொள்ள 'டெக்டின்-1' என்ற ஏற்பியை வைத்திருக்கின்றன. எனவே மருந்தைச் சுமந்து செல்லவும், எதிர்ப்புச் சக்தியைத் தூண்டவும் இது உதவுமா என்று பார்க்கிறார்கள். ஆனால் நோயாளியை வாட்டும் ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் இருக்கிறது. சிவப்பணு எதையும் விழுங்காது. ஆகவே இந்த வழி மலேரியாவுக்கு எளிதல்ல.

கடக்க வேண்டிய தூரம்

சோதனைக் குழாயில் ஒட்டுண்ணி செத்தால் போதாது. விலங்குகளிலும் மனிதர்களிலும் பாதுகாப்பு உறுதியாக வேண்டும். வெயில் கொளுத்தும் கிராமத்து மருந்தகத்திலும் கெடாமல் இருக்க வேண்டும். ஏழைக்குக் கட்டுப்படியாக வேண்டும். அதுவரை மூலிகைத் தேநீரையோ ஈஸ்ட் மாத்திரையையோ மருந்தாக நம்பக் கூடாது. ஆர்ட்டிமிசியா இலையை அப்படியே பயன்படுத்துவதை 2019-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்க மறுத்தது. புது மருந்து தேடுவதற்குத் தரும் அதே நிதியையும் மதிப்பையும், இருக்கும் மருந்தை உரிய இடத்தில் சேர்க்கும் ஆய்வுக்கும் அரசுகள் தர வேண்டும்.