ஒரு மரம், மிச்சமெல்லாம் பனி

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் பியெய் என்றொரு சிற்றூர். கோடையில் அங்குள்ள மேட்டு நிலங்களில் கோதுமை, உருளைக்கிழங்கு, பீட் என்று வயலுக்கு வயல் நிறம் மாறும். டிசம்பர் பிறந்துவிட்டால் எல்லாம் பனிக்கடியில் போய்விடும். வரப்பு தெரியாது, உழவு சால் தெரியாது, வண்டித்தடம் தெரியாது. மேட்டின் வளைவும் அதன்மேல் நிற்கும் மரமும்தான் மிச்சம்.

கோடையில் இங்கே படமெடுப்பவர், வேண்டாதவற்றை எப்படி ஒதுக்குவது என்று திண்டாடுவார். குளிர்காலத்தில் அந்த வேலையைப் பனியே செய்து முடித்துவிடுகிறது. ஆனாலும் நல்ல படம் அரிதாகவே கிடைக்கிறது. பெரும்பாலானவர்கள் மரத்தை நடுவில் வைத்து, ஜூம் போட்டு நெருங்கி, சட்டகம் நிறைய அதையே எடுத்துவிடுகிறார்கள். மரம் வந்துவிடுகிறது. அந்த இடத்தின் குளிரும் தூரமும் தனிமையும் வருவதில்லை. அவை மரத்தைச் சுற்றியிருந்த வெள்ளையில் இருந்தன. அதைத்தான் வெட்டி எறிந்துவிட்டோமே! பனிக்காலக் கம்போசிஷனில் முதலில் முடிவு செய்யவேண்டியது வெள்ளை எவ்வளவு, அது எந்தப் பக்கம் என்பதைத்தான்.

இதைக் கற்றுக்கொள்ள மைக்கேல் கென்னாவின் படங்களைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. 1953இல் இங்கிலாந்தில் பிறந்த இவர் 2002இல் ஹொக்கைடோவின் குளிர்காலத்தைப் படமெடுக்கத் தொடங்கினார். ஃபிலிமில் கறுப்பு வெள்ளை. சதுரப் படம் தரும் ஹாஸல்பிளாட் கேமரா. குஷ்ஷாரோ ஏரிக்கரையில் நீர்ப்பக்கம் சாய்ந்து நின்ற முதிய மரமொன்றைத் திரும்பத் திரும்ப எடுத்தார். தெஷிகாகாவில் எடுத்த இன்னொரு படத்தில் வெள்ளைச் சரிவின்மேல் ஏறும் மெல்லிய வேலி மட்டுமே இருக்கிறது. பனியில் பாதி புதைந்த முளைகள்தாம், ஆனால் நம் கண் அவற்றைப் பிடித்துக்கொண்டு மேடேறிவிடுகிறது. அந்த வேலி இல்லாவிட்டால் அது சரிவு என்பதே தெரியாது. வெற்று வெளிக்கு அளவு கொடுக்க ஒரு பொருள் போதும்; இரண்டாவது பொருளைச் சேர்க்கும்போது, அது எதற்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மரத்தைச் சட்டகத்தின் அடியில் வைத்தால் வானம் அதன்மேல் கவிந்து அழுத்தும். மேலே வைத்து, கீழே சரிவை நீளவிட்டால் பார்ப்பவர் மனதால் அந்தப் பனியில் நடந்து போய்த்தான் மரத்தை அடையவேண்டும். கிளைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றனவோ அந்தப் பக்கம் இடம் விட்டால் காற்று வீசும் திசை படத்துக்குள் வந்துவிடும். விளிம்புகளைப் பற்றியும் சொல்லவேண்டும். பச்சை நிலக்காட்சியில் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குச்சியை யாரும் கவனிக்கமாட்டார்கள். வெள்ளையில் அதே குச்சி கத்துகிறது. ஷட்டரை அழுத்துமுன் நான்கு ஓரங்களையும் கண்ணால் ஒருமுறை சுற்றி வருவது நல்ல பழக்கம். இரண்டு மரங்கள் ஒன்றையொன்று மறைத்துக் கரும்பொட்டாகத் தெரிந்தால் இரண்டடி இடம் மாறி நின்றாலே போதும், நடுவே ஒரு கீற்று வெளிச்சம் விழும்.

பனியைச் சாம்பலாக்கிவிடுவது கேமராவின் பழைய குணம். காட்சி முழுவதும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணித்தான் அதன் மீட்டர் கணக்குப் போடும். ஆகவே எக்ஸ்போஷரை ஒன்று முதல் ஒன்றே முக்கால் ஸ்டாப் வரை கூட்டவேண்டியிருக்கும். கூடிப்போனாலும் நஷ்டமே: பனிமேல் காற்று வரைந்த அலைக்கோடுகள் அழிந்து, வெறும் காகிதமாகிவிடும். ஹிஸ்டோகிராம் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கட்டும், சுவரில் முட்டவேண்டாம். இதைத் தொழில்நுட்பம் என்று தனியே ஒதுக்கிவைக்க எனக்கு மனமில்லை. வெள்ளைதான் படத்தைத் தாங்குகிறது என்றால், அதன் தரம் கெட்டதும் மரம் நிற்கும் இடமும் சேர்ந்து கெட்டுவிடுகிறது.

பியெய் ஏறக்குறைய 43½ டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21 அன்று நண்பகலில்கூடச் சூரியன் தொடுவானத்துக்கு மேல் 23 டிகிரி அளவே எழும்பும். நாள் முழுக்கச் சாய்ந்த வெயில். மரத்தின் நிழல் மரத்தைவிட நீளமாகக் கிடக்கும். கம்போசிஷனில் அதுவும் ஒரு கோடு, பல நேரம் மரத்தைவிட வலுவானது. அந்த நிழல் நீலமாக இருப்பதற்கு, அங்கே விழுவது வானத்தின் ஒளி மட்டுமே என்பது காரணம். வொயிட் பேலன்ஸில் அந்த நீலத்தை முழுக்கத் துடைத்துவிடாதீர்கள், குளிர் அதில்தான் தங்கியிருக்கிறது.

எங்கே நின்று எடுப்பது என்பது பியெய் மக்களுக்கு வேதனை தந்த விஷயம். இந்த ஊரை ஜப்பானுக்கே காட்டியவர் ஒளிப்படக்கலைஞர் ஷின்சோ மாயேதா. பழைய தொடக்கப்பள்ளி ஒன்றின் இடத்தில் 1987இல் தகுஷின்கான் என்ற காட்சிக்கூடத்தையும் இங்கே அமைத்தார். கூட்டம் வரத் தொடங்கியது. ஆனால் இவை பூங்காக்கள் அல்ல, ஒவ்வொரு மேடும் ஒரு விவசாயியின் வயல். பனிக்கடியில் குளிர்காலக் கோதுமை உறங்கும். மேலே மிதித்தால் பனி இறுகிப் பயிர் கெடும், காலணி மண்ணோடு பயிர் நோயும் வயலுக்குள் வரலாம். ‘தத்துவஞானி மரம்’ என்று பெயர்பெற்ற சாய்ந்த பாப்லர் மரத்தை 2016 பிப்ரவரியில் அதன் உரிமையாளரே வெட்டிச் சாய்த்தார். மரம் முதிர்ந்திருந்தது உண்மை. வயலுக்குள் இறங்குவோரைத் தடுக்க முடியாமல் அவர் சலித்துப்போனதும் உண்மை. 2025 ஜனவரியில் சாலையோர பிர்ச் மரங்கள் சுமார் 40 வெட்டப்பட்டன. பயிர்மேல் விழுந்த நிழலும் பெருகிய கூட்டமும் காரணங்கள். கென்னாவின் குஷ்ஷாரோ மரமும் இன்று இல்லை.

சாலையை விட்டு இறங்காமலே நல்ல படம் எடுக்க முடியும் என்று உறுதியாகச் சொல்வேன். 100 முதல் 200 மில்லிமீட்டர் லென்ஸ் இங்கே வைட் லென்ஸைவிட அதிகம் உதவும். வைட் லென்ஸ் மேட்டைத் தட்டையாக்கி, மரத்தைத் தொலைவுக்குத் தள்ளிவிடும். நீள லென்ஸ் ஒரு மேட்டின் வளைவை அடுத்த மேட்டின்மேல் அடுக்கிக் காட்டும். சாலையிலேயே முன்னும் பின்னும் நடந்தால் வளைவுகள் ஒன்றின்மேல் ஒன்று நகர்வது தெரியும். மரம் எந்த வளைவின் முதுகில் அமரவேண்டும் என்பதை அந்த நடையில் தேர்ந்தெடுக்கலாம். நடக்க அனுமதியுள்ள இடங்களிலும் முதலில் தொலைவுக் காட்சிகளை எடுத்துவிட்டு, பிறகு காலை வையுங்கள். பதிந்த தடத்தை அடுத்த பனிப்பொழிவுதான் அழிக்கும். அதுவரை பின்னால் வருபவரின் படத்திலும் அது கிடக்கும்.

பனி விழும் நாள் முற்றிலும் வேறு கணக்கு. நொடியில் 250இல் ஒரு பங்கு, அல்லது அதற்கும் வேகமான ஷட்டர் என்றால் பனித்துகள்கள் புள்ளிகளாக நிற்கும். 30இல் ஒரு பங்குக்கு இறக்கினால் கோடுகளாகச் சரியும். சில நொடிகள் திறந்து வைத்தால் துகள்களே காணாமல் போய், மூட்டம் மட்டும் தங்கும். எதுவானாலும் வெளிறிய வானத்துக்கு எதிரே விழும் துகள் படத்தில் தெரியாது, பின்னால் கருமை வேண்டும். அப்படிப்பட்ட நாளில் மேட்டின்மேல் நிற்கும் ஒற்றை மரத்தை விட்டுவிட்டு, அடர்ந்த ஸ்ப்ரூஸ் மரங்கள் வரிசையாக நிற்கும் காட்டோரத்துக்குக் கேமராவைத் திருப்புங்கள்.