ஆய்வுகூடத்திற்கு எந்தக் கணினி முறைமை?

அமிர்தகழியிலோ காத்தான்குடியிலோ ஒரு குழந்தைக்கு டெங்குக் காய்ச்சல் என்ற ஐயம் எழுந்தால், வைத்தியர் கேட்பது குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கையையே. அந்த எண்ணிக்கை இன்னொரு குழந்தையினுடையதாக இருந்துவிட்டால் விபரீதம் எதுவென்று நாம் சொல்லத் தேவையில்லை. ஆகவே, நோயியல் ஆய்வுகூடமொன்றிற்குக் கணினி முறைமையைத் தெரிவு செய்வோர், விலையையும் திரையின் அழகையும் பார்க்குமுன் ஒன்றைக் கேட்க வேண்டும்: உரியவரின் பெறுபேறு உரியவரிடமே போய்ச் சேருமா?

எமது பிரதேசத்தில் இக்கேள்வி மேலும் கூர்மையானது. தமிழர் பெயரில் தந்தையின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் மற்றோரிடத்தில் முழுமையாகவும் வரும். முஸ்லிம்களிடையே முஹம்மது என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் பலவாறாக எழுதப்படுகிறது. தேசிய அடையாள அட்டை இலக்கமும் முற்றாகக் கைகொடுப்பதில்லை. 2016 முதல் 12 இலக்கங்கள் கொண்ட புதிய எண் வழங்கப்படுவதால் பழைய எண்ணும் புதிய எண்ணும் அருகருகே புழங்குகின்றன. சிறு பிள்ளைகளுக்கோ அட்டையே இல்லை. எனவே ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நிரந்தர எண், ஒவ்வொரு மாதிரிக்கும் தனியெண், குருதி எடுக்கும் இடத்திலேயே ஒட்டப்படும் பார்கோடு, தமிழிலும் பெயர் பதியும் வசதி ஆகியவை கட்டாயமாகும்.

அடுத்தது, பரிசோதனை இயந்திரத்துடனான இணைப்பு. பெறுபேற்றைக் கண்ணால் பார்த்துக் கையால் தட்டச்சு செய்தால் ஒரு சுழியம் தவறுவது எளிது. விற்பவர் "இணையும்" என்று சொன்னால் போதாது. உங்கள் இயந்திரத்துடனேயே இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். இழையப் பரிசோதனையில் ஒரே நோயாளியின் துண்டிலிருந்து பல கட்டிகளும் கண்ணாடித் தகடுகளும் உருவாகின்றன. அவை யாவும் ஒரே கிளைவழியில் எண்ணிடப்பட வேண்டும். அறிக்கை பின்னர் திருத்தப்பட்டால் முன்னையதும் அழியாது இருக்க வேண்டும்.

மூன்றாவது, முறைமை முடங்கும் நாள். 2022 நெருக்கடியின்போது பல மணி நேர மின்வெட்டையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருளில் மூழ்கியதையும் நாம் கண்டோம். செல்வந்த நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2024 ஜூன் 3ஆம் திகதி லண்டனின் பெரிய வைத்தியசாலைகளுக்கு நோயியல் சேவை வழங்கிய சினோவிஸ் நிறுவனத்தின் கணினிகளை இணையக் கொள்ளையர் முடக்கினர். 10,000க்கும் அதிகமான வெளிநோயாளர் சந்திப்புகளும் 1,700க்கும் அதிகமான சிகிச்சைகளும் பிற்போடப்பட்டன. நோயாளி ஒருவரின் மரணத்திற்குக் குருதிப் பரிசோதனைத் தாமதமும் ஒரு காரணம் என 2025இல் உறுதிப்படுத்தப்பட்டது. வலையமைப்புடன் இணையாத தனிப் பிரதியொன்றும், அச்சிட்ட படிவங்களும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த ஊழியரும் எப்போதும் இருக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

நான்காவது, பதிவுகள் யாருடைய உடைமை என்பது. ஒப்பந்தம் முடிந்தால் எல்லாத் தரவுகளையும் வேறு மென்பொருள் வாசிக்கக்கூடிய வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று எழுத்தில் பெறுவது அவசியம். ஹெயிட்டி, ஐவரி கோஸ்ட் நாடுகளின் ஆய்வுகூடங்களில் பயன்பட்ட ஓப்பன் எலிஸ் போன்ற திறந்த மூல மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆயினும் பராமரிக்கத் தெரிந்தவர் அருகில் இல்லையேல் இலவசமும் சுமையாகிவிடும்.

அந்தரங்கமும் சிறிய விடயமன்று. ஒருவரையொருவர் அறிந்த ஊர்களில் ஒரு பெறுபேறு கசிந்தால் திருமணப் பேச்சும் தொழிலும் குலையக்கூடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவைச் சிறப்பு வகையாகக் கொள்கிறது. எவர், எப்போது எந்த அறிக்கையைத் திறந்தார் என்பதை முறைமை பதிந்து வைக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

இவற்றைத் தீர்மானிக்கும் மேசையில் கணக்காளரும் விற்பனையாளரும் மாத்திரம் அமர்ந்தால் போதாது. அன்றாடம் குழாய்களைக் கையாளும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரும் அங்கு இருக்க வேண்டும். புதிய முறைமையையும் பழைய பதிவேட்டையும் சில வாரங்கள் ஒருங்கே நடத்தி, இரண்டும் ஒத்துப்போகின்றன என்று கண்ட பின்னரே பதிவேட்டை மூடுவது நலம். தாமதமாக வாங்கிய கணினியால் நேரும் நட்டம் சிறிது. தவறான பெயரில் வந்த அறிக்கையால் நேரும் நட்டத்திற்கு ஈடில்லை.