ஒரு காலா, இரண்டு காலா?

காலையில் போட்ட செருப்பு மாலையில் இறுகுகிறது. கொலுசு பதிந்து கணுக்காலில் தடம் விழுகிறது. கால் வீங்கியிருக்கிறது. "வயசாயிடுச்சு, நீர் இறங்குது" என்று வீட்டில் சொல்கிறார்கள். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்குகிறார்கள். அல்லது எண்ணெய் போட்டு நீவி விடுகிறார்கள்.

எல்லா வீக்கமும் ஒன்று அல்ல. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, இதய நோய் என்று பல நாளாக உள்ளவர்களுக்கு இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்தே இருக்கலாம். வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். வீக்கம் ஒரு காலிலா, இரண்டு கால்களிலுமா?

இரண்டு கால்களும் வீங்கினால் கோளாறு பெரும்பாலும் காலில் இல்லை. இதயம் ரத்தத்தைச் சரியாகத் தள்ளாவிட்டால் உடம்பில் நீர் தேங்கும். சிறுநீரகமோ கல்லீரலோ கெட்டாலும் தேங்கும். அந்த நீர் கீழே இறங்கிக் கணுக்காலில் நிற்கும். கணுக்காலுக்கு மேலே, எலும்பின் மீது கட்டை விரலால் சிறிது நேரம் அழுத்துங்கள். விரலை எடுத்த பிறகும் குழி இருக்கிறதா? நீர் தேங்கியிருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறதா, காலையில் முகம் உப்புகிறதா, சிறுநீர் குறைந்துவிட்டதா என்றும் பாருங்கள். சில நாட்களில் எடை 2 கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர்தான்.

சாப்பிடும் மாத்திரையாலும் கால் வீங்கும். ரத்தக் கொதிப்புக்குத் தரும் அம்லோடிபின் அப்படி ஒன்று. அதை நாமாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றுவார். டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தங்க வைக்கும். பழுதான சிறுநீரகத்தை இன்னும் பழுதாக்கும். வலிக்கு வாங்கிய மாத்திரையே வீக்கத்தைக் கூட்டும்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். உள்ளே ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கலாம். பல நாள் படுக்கையில் கிடந்தவர், ஆபரேஷன் ஆனவர், பிள்ளை பெற்றவர், புற்றுநோய் உள்ளவர் ஆகியோருக்கு இது வரலாம். அந்தக் காலை நீவவே கூடாது. கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

கால் சிவந்து, சுட்டு, காய்ச்சலும் இருந்தால் கிருமி புகுந்திருக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. நரம்பு மரத்துப் போயிருந்தால் வலி தெரியாது. உள்ளங்காலில் முள் குத்தினாலும் தெரியாது. தினமும் ஒரு கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். விரல் இடுக்கையும் பார்க்க வேண்டும்.

பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், ஒடிசா போன்ற மாநிலங்களில் யானைக்கால் நோயும் ஒரு காரணம். இது பாவத்தால் வருவது அல்ல. கொசு பரப்பும் புழுவால் வருவது. நோய் பரவும் மாவட்டங்களில் அரசு இலவச மாத்திரை தருகிறது. கால் ஏற்கெனவே பெருத்துவிட்டால் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து உலர வைத்தால் அடிக்கடி வரும் காய்ச்சல் குறையும்.

டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். கடையில் தானாக வாங்கியதும் நாட்டு மருந்தும் அந்தப் பையில் இருக்க வேண்டும். அவற்றை மறைத்தால் டாக்டர் காரணத்தை வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்பார்.